வெயில் நாளில் ஏறிய கூண்டு

ஜனவரி 9, வெள்ளி

இன்றும் கப்பல் வரவில்லை. வராது. அளத்துறைத் துறைமுகத்தில் கடைசிக் கப்பல் சரக்கு இறக்கியபோது நான் ஆத்தூரில் பாவாடை தாவணி கட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கெஜட்டில் இது துறைமுகம். துறைமுகம் என்றால் அதற்கு ஒரு காப்பாளர் வேண்டுமாம். அது நான். கடலுக்குள் நீளும் பாதி இடிந்த கப்பல் பாலம், ஓர் அலுவலகம், அதன் முதுகில் ஒட்டிய ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ், ஒரு கொடிமரம். இவ்வளவுதான் என் ராஜ்யம்.

மழைக்காலத்தில் செய்தியில் சொல்வார்களே, "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று. ஏற்றப்பட்டுள்ளதாம்! தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும் போல. மூங்கில் சட்டத்தில் கறுப்புத் துணி கட்டிய அந்தக் கூண்டைக் கயிற்றில் மாட்டி, உள்ளங்கை எரிய எரிய இழுத்துக் கட்டுகிறவள் இந்தப் பூங்கோதை. அவள் பெயரை எந்தச் செய்தியிலும் சொன்னதில்லை.

வாசல் கதவுக்கு எண்ணெய் விட்டேன். சேப்பங்கிழங்கு வறுத்தேன், இரண்டு பேருக்கு. நாளை ஆத்தூரிலிருந்து என் வீட்டுக்காரர் வருகிறார்.

ஜனவரி 10, சனி

அவர் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலையாம். கிழங்கை நானே இரண்டு வேளையும் தின்றேன். வாசல் விளக்கை மட்டும் அணைக்கவில்லை. ஒருவேளை கடைசி பஸ்ஸில் வந்தால் இருட்டில் தடுக்கி விழுவாரே.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் ஊரில் மேளம் கேட்டது. போன வருஷம் வரை பொங்கலன்று தையல்நாயகி ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து வைப்பாள். மீன் கூடையோடு தினமும் என் வாசலில் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றபடி ஊர்க்கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். போன நவம்பரோடு அதுவும் நின்றது.

நவம்பரில் வானிலை மையத்திலிருந்து தகவல் வந்தது, கூண்டு ஏற்றினேன். அளத்துறை மீனவர்கள் மட்டும் நல்ல பிள்ளைகளாகக் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கூண்டாவது மண்ணாவது என்று கடலுக்குப் போய் வஞ்சிரத்தை அள்ளிக்கொண்டு வந்தார்கள். புயலோ ஆந்திராவுக்குப் போய்விட்டது. புயல் திரும்பியதற்கு நான் என்ன செய்வேன்? ஊர் நாட்டாமை சுப்புராயன் என் வாசலுக்கே வந்து கத்தினார். "இனிமே உங்க கூண்டுல கோழியக் கவுத்து வைங்கம்மா!" அன்றிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. தையல்நாயகி பாலத்து வளைவோடு திரும்பிப் போய்விடுகிறாள்.

எனக்கொன்றும் குறைச்சல் இல்லை. நெத்திலிக் கருவாடு இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

துறைமுக அலுவலர் திருமலைக்கொழுந்து சார் போன் செய்தார். அவர் போன் செய்தாலே ஏதோ தலைக்கு மேல் தொங்குகிறது என்று அர்த்தம்.

"ஏம்மா பூங்கோதை, தேசிய அளவுல ஒத்திகை நடக்கப்போகுது. நடுக்கடல்ல கப்பல்லேருந்து எண்ணெய் கொட்டினா எல்லாத் துறையும் சேந்து என்ன பண்ணணும்னு பாக்குறாங்க. டெல்லிலேருந்து ஆளுங்க வராங்க. இடம் உன் துறைமுகம்தான்."

"என் துறைமுகமா சார்?"

"கப்பலே வராத துறைமுகம்தான் இதுக்கெல்லாம் தோது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இது நல்லபடியாக முடிந்தால் என் மாறுதல் மனுவுக்குப் பரிந்துரை எழுதுவதாகச் சொன்னார். வருஷா வருஷம் ஆத்தூர்ப் பக்கம் மாற்றல் கேட்கிறேன். ஆத்தூரில் கடல் எங்கே இருக்கிறது என்று அவரும் வருஷா வருஷம் சிரிக்கிறார். இந்த முறை சிரிக்கவில்லை. வேறு துறைக்கு அயல்பணியில் அனுப்ப வழி இருக்கிறதாம். போனை வைத்துவிட்டு நெடுநேரம் கொடிமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உடனே ஆத்தூருக்கு, வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பார்.

ஜனவரி 29, வியாழன்

அவரே பேசினார்! மாற்றல் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா" என்றார். எப்போதும் அவர் அளந்துதான் பேசுவார். ரேஷன் கார்டில் என் பெயரை ஆத்தூரில் நீக்கிவிட்டதாகவும், இங்கேயே தனிக் கார்டு வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார். எனக்குச் சேரவேண்டிய சர்க்கரை வீணாகக்கூடாது என்று எவ்வளவு அக்கறை! மாற்றல் வந்தால் மறுபடி சேர்க்கவேண்டியிருக்குமே என்றேன். லைன் கட்டாகிவிட்டது. இங்கே டவர் சரியில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

வந்துவிட்டார்கள்! ஜீப், லாரி, கூடாரம், சமையல்காரர் எல்லாம். மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள், மீன்துறை, வனத்துறை, வருவாய்த்துறை, கடலில் ரோந்து போகிறவர்கள், பெரிய துறைமுகத்து ஆட்கள். ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். வரைபடம்கூட ஆளுக்கொன்று. வனத்துறை வரைபடத்தில் என் துறைமுகமே இல்லை.

ஒத்திகைக்குத் தலைமை நடுவர் ஆரோக்கியநாதன், கப்பலிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறவர். "கடல்ல எண்ணெய் வந்தா அது யார் எல்லைன்னு பாக்காது மேடம். அதனால நாம எல்லாரும் ஒரே கை மாதிரி வேலை செய்யணும்" என்றார். பேச்சு பிடித்திருந்தது. காபிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார். யாராவது என்னிடம் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

உண்மையான எண்ணெயைக் கடலில் கொட்ட முடியாதல்லவா? அதற்குப் பதிலாக உமி. ரைஸ் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். அதைக் கடலில் தூவி, மிதக்கிற உமியை எண்ணெய் என்று பாவித்து வளைத்துப் பிடிக்கவேண்டுமாம். உமி குத்திக் கை சலித்த கதை கேட்டிருக்கிறேன், உமியைக் கடலில் கொட்டிச் சலிக்கப்போகிறோம். வளைப்பதற்கு ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் தடுப்பு, மலைப்பாம்பு நீளத்துக்கு. ஒன்றைக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். இன்னொன்று கலெக்டருக்குக் காட்ட என் பாலத்தடியில் சுருட்டிக் கிடக்கிறது.

பிப்ரவரி 7, சனி

ஆத்தூரிலிருந்து லாரி வந்தது. என் பீரோவை அனுப்பியிருக்கிறார். கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த பச்சை பீரோ. உள்ளே என் புடவைகள் எல்லாம் மடித்து, நடுவே வேப்பிலை போட்டு வைத்திருந்தது. அவருக்கு இவ்வளவு நேர்த்தியாக மடிக்கத் தெரியும் என்று எனக்கே தெரியாது. வீட்டில் இட நெருக்கடியாக இருக்கும். தவிர, மாற்றல் வரும்வரை எனக்கு இங்கே உடுத்த வேண்டாமா?

லாரிக்காரர் கையெழுத்து வாங்கும்போது, "சார் வீட்ல அந்தம்மா ஒண்ணு விடாம எடுத்துக் கொடுத்திட்டாங்க" என்றார். எந்தம்மா என்று நான் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் வைத்திருப்பார்.

இன்று வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

ஒத்திகையின் முதல் நாள். எல்லாரும் தெற்குக் கடலுக்குப் போனார்கள். உமி தூவினார்கள். உமி சொன்ன பேச்சைக் கேட்டது. என் வேலை கொடிமரத்து மேடையில் உட்கார்ந்து, கொடுத்த தாள்களைக் கொடுத்த நேரத்தில் வயர்லெஸ்ஸில் வாசிப்பது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் "பயிற்சி, பயிற்சி, பயிற்சி" என்று சொல்லவேண்டும். கேப்டன் எனக்குப் பத்துக்குப் பத்து போட்டார். இரவு சாப்பாட்டின்போது மேசையில் என் இரு பக்கமும் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடவேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

காலையில் கூடாரம் காலி. சமையல்காரர் உட்பட எல்லாரும் தெற்கே போய்விட்டார்கள். நல்ல வெயில், வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. ஒத்திகைக்காகத் தெற்கே மீன்பிடிக்கத் தடை என்பதால் அளத்துறைப் படகுகள் எல்லாம் வடக்கே, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தன. உப்பனாற்றில் இடுப்பளவு நீரில் பெண்கள் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகியின் சிவப்பு ரவிக்கையை இங்கிருந்தே அடையாளம் தெரியும்.

முதல் தாளை வாசித்தேன். இரண்டாவதற்கு நேரமிருந்தது. அப்போது தார் காய்ச்சுகிற வாடை வந்தது. இந்த வனாந்தரத்தில் யார் ரோடு போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். வடக்கே, படகுகளை விட்டு விலகிக் கரையோரமாக, கடல் மேல் ஒரு பட்டை. கத்தரிக்காய்த் தோல் போல மினுங்கியது, ஓரத்தில் கறுப்பாகத் தடித்திருந்தது. தூரத்தில் போகும் ஏதோ ஒரு கப்பல், தொட்டி கழுவிய கழிவெண்ணெயை இரவோடு இரவாகத் திறந்துவிட்டுப் போயிருக்கவேண்டும். காற்று அதை நேரே உப்பனாற்று முகத்துவாரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. நீர் ஏறுகிற நேரம் வேறு. அது உள்ளே போனால் ஆற்றோரச் சதுப்பில் நிற்கும் சுரபுன்னைக் காடு முழுவதும் வேரோடு கறுத்துவிடும். அதைக் கழுவ எந்த நாட்டிலும் இயந்திரம் கிடையாது என்று கேப்டனே நேற்று சொல்லியிருந்தார். இறாலும் போகும், அந்தப் பெண்களின் பிழைப்பும் போகும்.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். "முகத்துவாரத்துக்கு வடக்கே எண்ணெய் வருது. நிறைய வருது."

கேப்டன் குரல். "மேடம், அது உங்க மூணாவது தாள். பதினோரு மணிக்குப் படிக்க வேண்டியது. முன்னாடியே படிச்சிட்டீங்க."

"தாள் இல்ல சார், நிஜமாவே எண்ணெய்!"

"பயிற்சின்னு மூணு தடவை சொல்லவும் மறந்துட்டீங்க. ஒரு மார்க் குறைச்சிருக்கேன்." சுற்றிலும் சிரிப்புச் சத்தம். "ஆனா குரல்ல அந்தப் பதட்டம் ரொம்ப நல்லா வந்திருக்கு."

மறுபடி கூப்பிட்டேன். ஒத்திகைச் செய்திகள் ஓடுவதால் குறுக்கே பேசவேண்டாம் என்றார்கள். மூன்றாவது தாளை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன வாக்கியமே அச்சடித்து இருந்தது. அவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? நானே அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

திருமலைக்கொழுந்து சாருக்குப் போன் போட்டேன். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள் போல, குசுகுசுவென்று பேசினார். "ஏம்மா, குட்டையக் குழப்பாதே. கொடுத்த தாளைப் படி, போதும். பரிந்துரையில இன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஊரில் யார் போன் நம்பரும் என்னிடம் இல்லை. ஆற்றைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனால் எண்ணெய் எனக்கு முன்னால் போய்ச் சேரும். பாலத்தடியில் அந்த ஆரஞ்சுத் தடுப்பு சுருண்டு கிடந்தது. தேவையான சாமான் எல்லாம் என் காலடியில். இழுக்கத்தான் கை இல்லை.

கூண்டு ஒன்றுதான் மிச்சம். வானிலை மையத்து உத்தரவு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. தொட்டால் ஆத்தூர் இல்லை. வேலையே இருக்குமோ என்னவோ. ஆத்தூர் வீட்டு வாசல், கறிவேப்பிலை மரம், அவர் சைக்கிள் சாய்த்திருக்கும் சுவர் எல்லாம் ஒரு கணம் வந்து போயின. எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன். அழுதுகொண்டேதான் கயிற்றை அவிழ்த்தேன்.

மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லாத வானத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது. கப்பி கிரீச்சிட்டது. கோழியைக் கவிழ்க்கச் சொன்ன கூண்டை யார் மதிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கட்டினேன்.

ஆற்றில் பெண்கள் நிமிர்ந்தார்கள். நெற்றிமேல் கைவைத்துப் பார்த்தார்கள். கடலில் ஒரு படகு திரும்பியது. பின்னால் இன்னொன்று. அப்புறம் எல்லாமே திரும்பின. வலையை அறுத்துப் போட்டுவிட்டுக்கூட வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. என் பாலத்தை நோக்கி அவ்வளவு வேகமாக எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

நாட்டாமை சுப்புராயன்தான் முதலில் குதித்தார். பின்னால் வந்தவர்கள் கையில் கம்பு. போச்சு, இன்று அடிதான் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார், அறைக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என்னாச்சு?" என்று கத்தினார். தையல்நாயகி ஆற்றை நீந்தியே வந்துவிட்டாள். சொட்டச் சொட்ட ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற பிடி. கோபம் ஆறவில்லை என்று புரிந்துகொண்டேன்.

நான் வடக்கே கைகாட்டினேன்.

அப்புறம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தடுப்பைப் படகுகளில் கட்டி இழுத்தார்கள். வலை வளைக்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? முகத்துவாரத்துக்குக் குறுக்கே நிறுத்தி இரு கரையிலும் முளை அடித்துக் கட்டினார்கள். பெண்கள் மிச்சமிருந்த உமி மூட்டைகளைத் தலையில் தூக்கிவந்து தடுப்போரத்தில் கொட்டினார்கள். நேற்று எண்ணெயாக நடித்த உமி இன்று எண்ணெயைக் குடித்தது. ஓர் இளவட்டம் எல்லாவற்றையும் போனில் படம்பிடித்தான். என் போனில் பேச மட்டும்தான் முடியும், அவன் போனிலிருந்தே அதைக் கேப்டனுக்கு அனுப்பச் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் அவர் குரல். சிரிப்பு இல்லை. "எல்லாத் துறைகளுக்கும். பயிற்சி நிறுத்தம். இது பயிற்சி இல்லை. திரும்பவும் சொல்றேன், இது பயிற்சி இல்லை."

தெற்கிலிருந்து எல்லாரும் வந்தார்கள். அப்புறம்தான் ஒரே கை போல வேலை நடந்தது. வனத்துறைக்காரர் மீன்துறைப் படகில் ஏறினார். பெரிய துறைமுகத்தின் பம்பு வருவாய்த்துறை டிராக்டரில் வந்தது. வடக்குக் கரையோரம் கொஞ்சம் எண்ணெய் ஒதுங்கிவிட்டது. ஒரு பிடி சுரபுன்னை கறுத்துவிட்டது. காடு பிழைத்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

எண்ணெய் வழித்தோம். தலை முதல் கால் வரை தார். சோப்புத் தீர்ந்துவிட்டது. பெண்கள் கரைப் பக்கம் வேலை செய்தார்கள், நான் அலுவலகப் பக்கம். 

கேப்டன் வந்து தொப்பியைக் கழற்றினார். "தப்பு என்னுதுதான் மேடம். மார்க் போடுற நெனப்புல கேக்குற புத்தி போயிடுச்சு." பரவாயில்லை சார் என்றேன். சர்க்கரை போடாத காபி கொடுத்தேன். குடித்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மணலில் முளை அடித்த குழிகள் மட்டும் இருக்கின்றன.

பிப்ரவரி 20, வெள்ளி

எதிர்பார்த்ததுதான். ஒழுங்கு நடவடிக்கைக்கான பதினேழு பி மெமோ. உத்தரவின்றிப் புயல் கூண்டு ஏற்றி மீனவர்களிடையே பீதி உண்டாக்கியது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கவேண்டும். பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. திருமலைக்கொழுந்து சார் போனில், "நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா ரூல் ரூல்தான். விசாரணையில ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆபத்தைச் சொல்ல வேற வழி இல்ல, கூண்டுன்னா அபாயம்னு மீனவங்க நம்பி வருவாங்க, அதனாலதான் ஏத்தினேன்னு சொல்லு. அவங்களும் நம்பித்தான் வந்தோம்னு சொன்னா தப்பிச்சுக்கலாம்" என்றார்.

நவம்பருக்குப் பிறகும் அவர்கள் கூண்டை நம்பினார்களே, அதுவே எனக்குப் பெரிசு.

ஆத்தூருக்குப் போன் செய்து மாற்றல் இல்லை என்று சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார். பிறகு, "அதாவது, உனக்கு அந்த ஊர் பழகிடுச்சுல்ல" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

விசாரணை என் அலுவலகத்திலேயே நடந்தது. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி. நாற்காலி போதாமல் பீரோ ஓரத்தில் ஸ்டூல் போட்டேன். சாட்சி சொல்ல நாட்டாமை சுப்புராயன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். ஊரே வெளியில் நின்றது.

அதிகாரி கேட்டார். "கூண்டைப் பாத்ததும் புயல்னு நம்பித்தானே கரைக்கு வந்தீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் நின்ற திருமலைக்கொழுந்து சார் நாட்டாமையிடம் கண்ணாலேயே கெஞ்சினார்.

சுப்புராயன் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். "பொய் சொல்லக்கூடாதுங்க. புயலுன்னு யாரு நம்புனா? வெயிலு மண்டையப் பொளக்குது. காத்து சுகமா வருது. கடலுல பொறந்தவனுக்குப் புயலு தெரியாதா? நாங்க யாரும் நம்பல."

என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அப்ப ஏன் வலைய அறுத்துட்டு ஓடி வந்தீங்க?"

"மழையும் இல்ல, காத்தும் இல்ல, கூண்டு ஏறிக் கெடக்கு. அந்தம்மா ஒத்தையா இருக்குறாங்க. எவனாவது பூந்துட்டானோ, பாம்பு கீம்பு கடிச்சிருச்சோ, ஆளக் கூப்புடக் கூண்டத் தவிர அவங்களுக்கு வேற என்ன இருக்குன்னுதாங்க கம்பத் தூக்கிட்டு ஓடியாந்தோம்."

"நவம்பர்லேருந்து இவங்களோட ஊருக்குப் பேச்சுவார்த்தை இல்லைன்னு கேள்விப்பட்டேனே."

"கோவந்தாங்க. கோவம் வேற, ஆளு வேற. தெனம் ராத்திரி இந்த வாசல் வெளக்கு எரியுதான்னு ஆத்துக்கு அந்தாண்டேருந்து பாத்துப்புட்டுத்தான் எங்க வூட்டுப் பொம்பளைங்க படுக்கும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார்" என்றேன். 

மார்ச் 7, சனி

சம்பள உயர்வு ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படலாம் என்று சார் சொன்னார். வைக்கட்டும்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஆத்தூரில் எனக்கு யாரும் இல்லை. அந்த வேப்பிலையை வைத்து மடித்த கை வேலைக்காரியின் கை இல்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

காலையில் தையல்நாயகி பாலத்து வளைவில் திரும்பாமல் நேரே வந்து கூடையை இறக்கினாள். ஒன்றும் நடக்காதது போல வெற்றிலையை மடித்தாள். "மடவை இருக்கு ஆபீசரம்மா. எப்பயும்போல ரெண்டு பேருக்கா?"

"ஒருத்திக்குப் போதும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே பச்சை பீரோவைப் பார்த்தாள்.  மீனை ஆய்ந்து சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வாசற்படி இறங்கியவள் திரும்பினாள்.

"யாரும் வரமாட்டாங்கன்னுட்டு ராத்திரி அந்த வெளக்க அணைச்சுப்புடாதீங்க. நாங்க பாப்போம்."

இதை எழுதும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.